அதிகாரமில்லாத நாற்காலி

(நாகர்கோவிலில், கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் அறிவியலைப் பற்றிப் பேச யார் எழுந்தாலும் மூன்று பெயர்களைச் சொல்லாமல் உட்காருவதில்லை. குலசேகரம் மண்ணோடு வேர் கொண்ட ஜி. மாதவன் நாயர், சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், மேலகாட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன். மூன்று பேரும் இஸ்ரோவின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். இந்தப் பெருமையை நாம் சொல்லத்தான் வேண்டும். தமிழ் வழிப் பள்ளியில் படித்து, இதே ஊரில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்த சிவன் என்ற பையன் நிலவுக்கு விண்கலம் அனுப்பும் நிறுவனத்துக்குத் தலைவன் ஆனான் என்றால், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

இன்று நான் பேச வந்தது இன்னொரு நாற்காலியைப் பற்றி. மாதவன் நாயர் 2009 அக்டோபர் கடைசியில் இஸ்ரோ பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில், இந்திய அறிவியல் காங்கிரஸின் 97-ஆவது கூட்டம் நடந்தது. அதன் பொதுத் தலைவர் அவர்தான். நம் மண்ணின் மூவரில் அந்த இடத்தில் அமர்ந்தவர் அவர் ஒருவரே. ஆனால் அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் சந்திரயான் முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அறிவியல் காங்கிரஸ் தலைமை ஒரு வரியில் போய்விடும்.

இரண்டு நாற்காலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இஸ்ரோ தலைவரை அரசு நியமிக்கிறது. அவர் கையில் பல்லாயிரம் ஊழியர்களும் பல ஆயிரம் கோடி ரூபாயும் இருக்கின்றன. ஏவலாம் என்றால் ராக்கெட் ஏறும், நிறுத்து என்றால் நிற்கும். அறிவியல் காங்கிரஸின் தலைவரைச் சங்கத்தின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி ஓராண்டு. ஆய்வுக்கூடமோ யாருக்கும் கட்டளையிடும் உரிமையோ கிடையாது. அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு தலைமை உரை. நாட்டின் எல்லாத் துறை அறிஞர்களும் கேட்க, அவர் பேசலாம். அவ்வளவுதான் அந்தப் பதவி.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. படையும் கருவூலமும் இல்லாத நம் நாட்டார்கள், பிடாகை பிடாகையாக, அதாவது ஊர்த் தொகுதி வாரியாகக் கூடி, கொடுக்க முடியாத வரியைக் கொடுக்க முடியாது என்று ஓலையில் எழுதி மன்னருக்குத் தெரிவித்தவர்கள். கூட்டத்தின் சார்பாகப் பேசியவர் கையில் வாள் இருக்கவில்லை. ஊர் அவர் பின்னால் இருந்தது. ஒரு நாட்டின் அறிவியல் சங்கத்துக்குத் தலைவராக இருப்பதும் அப்படிப்பட்ட காரியம். நூறாண்டுக்கு மேலாக அந்த நாற்காலியில் யார் யார் இருந்தார்கள், கிடைத்த அந்த ஒரு பேச்சை என்ன செய்தார்கள் என்பதுதான் என் பொருள்.

தொடக்கம் நம் சென்னையில்தான். மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஜே. எல். சைமன்சன், லக்னோ கேனிங் கல்லூரியில் கற்பித்த பி. எஸ். மக்மோகன் என்ற இரண்டு ஆங்கிலேய இளம் பேராசிரியர்கள். இந்தியாவில் ஆய்வு செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்து ஓய்வு பெற்றுப் போகிறார்கள் என்பது இவர்கள் மனக்குறை. பிரிட்டனில் 1831-இல் தொடங்கி ஊர் ஊராகக் கூடிவந்த அறிவியல் சங்கம் போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று கடிதம் எழுதி எழுதி ஆள் சேர்த்தார்கள். 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஆசியச் சங்கக் கட்டடத்தில் முதல் கூட்டம் நடந்தது. 105 பேர் வந்தார்கள். தாவரவியல், வேதியியல், இனவரைவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல் என்று ஆறு பிரிவுகளில் 35 கட்டுரைகள் படிக்கப்பட்டன.

முதல் தலைவர் ஆசுதோஷ் முகர்ஜி. தொழிலால் உயர்நீதிமன்ற நீதிபதி. மனத்தால் கணித அறிஞர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கணக்குத் தணிக்கைத் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டு, மாலையிலும் இரவிலும் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமனைப் பேராசிரியராகக் கொண்டுவந்தவர் இவர்தான். தலைவர் என்பவர் தானே பெரிய கண்டுபிடிப்பாளராக இருக்க வேண்டியதில்லை, பிறரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்பதற்கு முதல் தலைவரே சாட்சி.

அடுத்த ஆண்டு கூட்டம் சென்னைக்கு வந்தது. பிளேக் நோய் ஆய்வில் ஈடுபட்ட மருத்துவர் பானர்மேன் தலைமை. இப்படி 1929 வரை நடந்த 16 கூட்டங்களை எண்ணிப் பார்த்தால், பத்து ஆங்கிலேயர், ஆறு இந்தியர். ஆசுதோஷுக்குப் பிறகு பிரபுல்ல சந்திர ராய் 1920-இல், பொறியாளரும் தொழிலதிபருமான ராஜேந்திரநாத் முகர்ஜி 1921-இல், விசுவேசுவரய்யா 1923-இல், ஜகதீச சந்திர போஸ் 1927-இல், ராமன் 1929-இல். அடிமை நாட்டில் ஆளும் இனத்தாரும் ஆளப்படும் இனத்தாரும் மாறி மாறித் தலைமை ஏற்ற சங்கங்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. இந்தச் சங்கம் பிறக்கக் கடிதம் எழுதிய சைமன்சன் 1928-இல்தான் தலைவரானார். பதினான்கு ஆண்டு காத்திருந்தார். இந்தியப் பைன் மரத் தைலங்களின் வேதியியலில் அவர் செய்த வேலை பெரியது. தொடங்கியவர் முதல் நாளே தலைமையில் உட்காராமல் வரிசையில் நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்த ஆங்கிலேயத் தலைவர்களில் மூவரை நம் ஊர்க் கண்ணோடு பார்க்கலாம்.

1916-இல் லக்னோவில் தலைமை வகித்த சிட்னி பர்ரார்டு இந்திய நில அளவைத் துறையின் தலைவர். லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவையின் தெற்கு முனை நம் குமரிக்கு அருகில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அளந்த கோடு இமயமலை அடிவாரம் வரை நீண்டது. வடக்கே போனதும் ஒரு சிக்கல் வந்தது. இமயம் அவ்வளவு பெரிய மலை. தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஆனால் கணக்குப்படி இழுக்க வேண்டிய அளவு இழுக்கவில்லை. பர்ரார்டு இதிலிருந்து கங்கைச் சமவெளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் போனார். மண்ணுக்கு அடியில் ஆழமான பிளவு ஒன்று இருக்கிறது என்று வாதிட்டார். நிலவியலாளர்கள் அதை ஏற்கவில்லை, கடுமையாக மறுத்தார்கள். அந்தச் சண்டை சங்கத்தின் மேடைகளில் நடந்தது. நடக்க வேண்டிய இடமும் அதுதான்.

1918-இல் லாகூரில் தலைமை வகித்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவர். வானிலையைப் பற்றி எதுவும் படிக்காதவர். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கொடும் பஞ்சங்கள் அரசைக் கலக்கியிருந்த நேரம். பருவமழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை. உலகெங்கிலும் இருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் என்று எண்களை வரவழைத்து, இந்திய எழுத்தர்களை உட்காரவைத்து, எதோடு எது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். எல் நினோ என்று இன்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதன் மறுபாதி இது. இரண்டையும் இணைத்துப் பார்க்க உலகத்துக்கு 1960-கள் வரை ஆயிற்று. அவர் தலைமை வகித்த அதே 1918-இல் தென்மேற்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. மழையைச் சொல்ல வந்தவரால் மழையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தத் தேடலில் பூமியின் காற்றோட்டத்தையே கண்டுபிடித்துவிட்டார். தென்மேற்கை நம்பிக் கன்னிப்பூவும் வடகிழக்கை நம்பிக் கும்பப்பூவும் போடுகிற நம் விவசாயிகளுக்கு வாக்கர் அந்நியர் ஆக மாட்டார்.

வாக்கரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1913-இல் சென்னை வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். இது எனக்குப் புரியும் துறை அல்ல, ஆனால் சாதாரண வேலையும் அல்ல என்று கண்டுகொண்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

மூன்றாமவர் 1926-இல் பம்பாயில் தலைமை வகித்த ஆல்பர்ட் ஹோவர்டு. பயிர்களை ஆராய வந்தவர். இந்திய உழவர்களும் வயலில் வந்த பூச்சிகளும்தான் தன் பேராசிரியர்கள் என்று பின்னால் எழுதியவர். கம்போஸ்ட் எரு தயாரிக்கும் இந்தூர் முறை அவருடையது. இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் நம் நாட்டு அறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

இனி ராமனுக்கு வருவோம். 1928 பிப்ரவரி 28-இல் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு. மறு ஜனவரியில் சென்னையில் கூடிய காங்கிரஸுக்கு அவர் தலைவர். நோபல் பரிசு அதற்கும் பின்னால், 1930-இல்தான் வந்தது. சுவீடன் சொல்வதற்கு முன்பே இந்தச் சங்கம் அவரை அடையாளம் கண்டிருந்தது. பரிசு வந்த பிறகு மாலையோடு ஓடுவதையே பழக்கமாக வைத்திருக்கிற நம் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த கதை கசப்பானது. 1934 ஜனவரி, பம்பாய். தலைவர் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில், ஒரு சிறு கடைக்காரரின் மகனாக, ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து, விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தவர். இலண்டன் ராயல் சொசைட்டி போல இந்தியாவுக்கு ஒரே ஒரு தேசிய அறிவியல் கழகம் வேண்டும் என்று அந்த மேடையில் கேட்டார். குழு அமைத்தார்கள். குழு பேசிக்கொண்டிருந்தபோதே ராமன் விலகிப்போய், அதே ஆண்டு ஏப்ரலில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைப் பதிவு செய்துவிட்டார். 1935 ஜனவரியில் கல்கத்தாவில் இன்னொரு தேசிய நிறுவனம் பிறந்தது. இன்று டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் கழகம் அதுதான். அலகாபாத்தில் சாகாவே 1930-இல் தொடங்கிய கழகம் ஒன்றும் இருந்தது. ஒன்று கேட்டார், மூன்று கிடைத்தது. மூன்றும் இன்றும் இருக்கின்றன.

இரண்டு பேரும் பெரியவர்கள். இரண்டு பேர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் சொல்கிறேன்: இந்தப் பிளவு நாட்டுக்கு நல்லது செய்யவில்லை. ராமன் 1934-இல் தன் கழகத்தின் தலைவரானவர், 1970 நவம்பரில் இறக்கும் வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. 36 ஆண்டு. அவர் நடத்திய ஆய்விதழ் தரமானது, அவர் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் திறமைசாலிகள், எல்லாம் உண்மை. இலண்டன் ராயல் சொசைட்டியிலும் நியூட்டன் 24 ஆண்டு, ஜோசப் பாங்க்ஸ் 41 ஆண்டு அப்படி இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரே நெடுங்காலம் இருந்தால் கழகம் அவருடைய நிழலாகிவிடுகிறது. மாறுபட்ட குரல் உள்ளே வராது. ஆண்டுதோறும் எழுந்து இடம் விட வேண்டும் என்ற அறிவியல் காங்கிரஸின் விதி எவ்வளவு நல்ல விதி என்பது ராமனின் 36 ஆண்டுகளைப் பார்த்தால் விளங்குகிறது.

தலைவர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைத் தேடுகிற ஆசை எனக்கும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்து, ராமனோடு தோளுக்குத் தோள் நின்று 1928-இல் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் 1949-இல் அலகாபாத்தில். நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1956-இல். டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1959-இல். தோல் வேதியியல் அறிஞர் டி. ராமசாமி 2009-இல் ஷில்லாங்கில். எல்லோரையும் பற்றிப் பேச நேரமில்லை. ஒருவரிடம் மட்டும் நிற்க விரும்புகிறேன்.

1937, ஐதராபாத். தலைவர் டி. எஸ். வெங்கடராமன். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். நம் ஆலைகள் வளராத காலத்தில் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்தது. நல்ல சாறுள்ள தடித்த கரும்பு அந்தக் குளிரைத் தாங்காது. பார்பர் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து வெங்கடராமன் தடித்த கரும்பை ஆற்றோரம் தானாக வளரும் நாணலோடு கலந்தார். யாரும் மதிக்காத காட்டுப் புல்லின் முரட்டுத்தனமும் கரும்பின் இனிப்பும் ஒன்று சேர்ந்தன. 1918-இல் வெளிவந்த கோ. 205 பஞ்சாப் வயல்களில் நின்று காட்டியது. அடுத்தடுத்துக் கோயம்புத்தூர் இரகங்கள் இந்தியாவைத் தாண்டி உலகம் சுற்றின.

இப்படிப்பட்டவர் தலைவராகி மேடை ஏறினால் தன் கலப்பினங்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். கேட்க எல்லோரும் தயார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமத்தின் நேற்று, இன்று, நாளை. தன் துறையின் வாசலைத் தாண்டி, எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றிப் பேச வேண்டிய கடமை அந்த நாற்காலிக்கு உண்டு என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த நூறாண்டு வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமான தலைவர் யார் என்று கேட்டால் வெங்கடராமன் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதே கோயம்புத்தூர் நிலையத்தில் அந்த ஆண்டுகளில் இன்னொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஈ. கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்தவர். கரும்பின் குரோமோசோம்களை எண்ணி, எந்த இனத்தோடு எது சேரும் என்று துலக்கியவர். ராமனின் கழகம் 1935-இலேயே அவரை உறுப்பினராக ஏற்றது. அறிவியல் காங்கிரஸின் தலைவர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு பெண் அதில் அமர 61 ஆண்டு ஆயிற்று: 1975-இல் டெல்லியில் அசீமா சாட்டர்ஜி. நித்தியகல்யாணி போன்ற நம் செடிகளின் வேதிப்பொருள்களை ஆராய்ந்தவர். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அவருக்குப் பிறகு 1987-இல் அர்ச்சனா சர்மா, 1999-இல் மஞ்சு சர்மா, 2012-இல் கீதா பாலி, 2023-இல் விஜயலட்சுமி சக்சேனா. ஒரு கை விரலோடு எண்ணிக்கை முடிகிறது. டெல்லிக் கழகம் இன்னும் மெதுவானது. 1935-இல் பிறந்தது 2020-இல்தான் சந்திரிமா சாகா என்ற பெண்ணைத் தலைவராகக் கண்டது. இந்த அவையில் பாதிக்கு மேல் மாணவிகள் இருக்கிறீர்கள். இதைக் கோபத்தோடுதான் உங்களிடம் சொல்கிறேன்.

1938-இல் வெள்ளி விழா. அணுவைப் பிளந்துபார்த்த ரதர்ஃபோர்டு தலைமை வகிக்க வேண்டியது. 1937 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். வானியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் அவர் இடத்தில் நின்று, ரதர்ஃபோர்டு எழுதி வைத்திருந்த உரையைப் படித்தார். ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு காலி இடம். 1943 கூட்டத்துக்கு ஜவகர்லால் நேருவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூட்டம் வருவதற்குள் அவர் அகமதுநகர்க் கோட்டையில் கைதி. நிலவியலாளர் வாடியா பொறுப்பை மறுபடியும் ஏற்றார். வெள்ளைக்காரன் ஆட்சியில், அரசு உதவியோடு நடக்கும் ஒரு சங்கம், அந்த ஆட்சியை எதிர்க்கும் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த துணிவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நேரு 1947 ஜனவரியில், டெல்லியில், அந்த நாற்காலிக்கு வந்தார்.

அந்த நாளைக் கொண்டாடுகிறவன்தான் நானும். ஆயினும் ஒரு மாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நேருவுக்கு அறிவியல் மீது உண்மையான காதல் இருந்தது. ஆண்டுதோறும் வந்து கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் வந்த பிரதமர்களுக்கு அது சடங்கு ஆயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் பத்திரிகையில் பிரதமர் என்ன சொன்னார் என்பது முதல் பக்கத்தில் வந்தது. தலைவர் என்ன சொன்னார் என்பது எங்கும் வரவில்லை. நூற்றாண்டு விழாவான 2013 கல்கத்தாக் கூட்டத்துக்குப் பிரதமர் மன்மோகன் சிங்கே பொதுத் தலைவர். அவர் கற்றவர், பண்பாளர். இருந்தாலும், அரசைப் பார்த்துப் பேச வேண்டிய நாற்காலியில் அரசே உட்கார்ந்தால், யார் யாரோடு பேசுவது?

இடையில் நல்ல முயற்சிகளும் நடந்தன. 1976-இல் வால்டேரில் எம். எஸ். சுவாமிநாதன் தலைவர். ஒவ்வொரு துறையும் தன் தன் அறைக்குள் கட்டுரை படித்துவிட்டுக் கலைவதற்குப் பதில், எல்லோரும் ஒரு மையப் பொருளைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் காலத்தில் கொண்டுவந்தார்கள். முதல் மையப் பொருள் அறிவியலும் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சியும். வெங்கடராமன் 1937-இல் தனியாகச் செய்ததை சங்கம் முழுவதும் செய்ய வைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு கூட்டம் பெருத்தது, பேச்சு மெலிந்தது. ஆய்வில் முன்னணியில் இருந்தவர்கள் தங்கள் துறை மாநாடுகளுக்குப் போனார்கள். இங்கே வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். 2015-இல் மும்பையில், பழங்காலத்திலேயே நாம் கண்டம் விட்டுக் கண்டம் விமானம் ஓட்டினோம் என்று ஒரு கட்டுரை படிக்க இடம் கொடுத்தார்கள். 2019-இல் ஜலந்தரில், பள்ளிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்த அரங்கில், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தர் பேசினார். நம் முன்னோர்களின் உண்மையான அறிவு, எண்ணும் வானியலும் உலோகமும் மருந்தும், இந்தப் பேச்சுகளால் கேலிப்பொருள் ஆனது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்று, நியூட்டன் இருந்த ராயல் சொசைட்டித் தலைவர் பதவிக்கு 2015-இல் வந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2016 ஜனவரியில் நம் அறிவியல் காங்கிரஸை சர்க்கஸ் என்று சொன்னார். இனி வர மாட்டேன் என்றும் சொன்னார். ஒரு சங்கத்தின் தலைவர் இன்னொரு சங்கத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அரிது. வலித்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

கொரோனா காலத்தில் 2021, 2022 கூட்டங்கள் நடக்கவில்லை. 2023-இல் நாகபுரியில் 108-ஆவது கூட்டம். அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, நிதி முறைகேடு என்று சொல்லி, சங்கத்துக்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. சங்கம் நீதிமன்றம் போனது. 2024 ஜனவரியில் அறிவியல் காங்கிரஸ் கூடவில்லை. இரண்டாம் உலகப் போரின் நடுவிலும் கூடிய சபை, பணத்தை நிறுத்தியதும் நின்றுபோனது. சொந்தக் காலில் நிற்காத சபையின் தலைவர் சொந்த வாயால் பேச முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குக் காட்டியிருக்க முடியாது.

இதெல்லாம் கல்கத்தாவிலும் டெல்லியிலும் நடந்த விவகாரம், நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், மணவாளக்குறிச்சிக்கு வாருங்கள். 1909-இல் நம் கயிற்றில் ஒட்டிப்போன மணலைப் பார்த்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்று அதிலிருந்த தோரியம் ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகளுக்குத் தேவைப்பட்டது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. நம் அணுசக்தித் திட்டத்தையே இந்தத் தோரியத்தை நம்பி வகுத்த ஹோமி பாபா, 1951-இல் பெங்களூரில் அறிவியல் காங்கிரஸின் தலைவர். 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிமச் சுரங்கம் என்ற செய்தி வந்தபோது கடற்கரை ஊர்கள் கொதித்தன. கருத்துக் கேட்புக் கூட்டமே தள்ளிவைக்கப்பட்டது. நிறுவனம் ஆபத்தில்லை என்கிறது. மீனவர்கள் புற்றுநோயைக் காட்டுகிறார்கள். கதிரியக்கத்தின் அளவு என்ன, தோண்டினால் கூடுமா குறையுமா, கடலரிப்பு என்ன ஆகும் என்று, சுரங்கத்திலும் பங்கில்லாத, அமைச்சகத்திலும் சம்பளம் வாங்காத ஒருவர் வந்து, கடற்கரையில் நின்று, தமிழில் சொன்னால் மக்கள் கேட்பார்கள். அப்படிச் சொல்வதற்காக ஏற்பட்டதுதான் அந்த அதிகாரமில்லாத நாற்காலி. நமக்கு அது தேவைப்பட்ட அந்த ஆண்டுதான் அது காலியாகக் கிடந்தது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறேன். அறிவியல் காங்கிரஸ் தலைவர்களின் உரைகளை 2003-இல் மூன்று தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். நம் கல்லூரி நூலகங்களில் ஒன்றாவது அந்தத் தொகுதிகளை வாங்கி வைக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் நூலகர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். கிடைத்ததும் வெங்கடராமனின் 1937 உரையை முதலில் எடுங்கள். அதைத் தமிழாக்க வேண்டும். வேளாண்மை தெரிந்தவர் ஒருவர், ஆங்கிலம் நன்றாகப் படித்தவர் ஒருவர், நம் கிராமத்துச் சொற்கள் தெரிந்த பெரியவர் ஒருவர் என்று சிறு குழுவாகச் செய்தால் ஒரு கோடை விடுமுறையில் முடியும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்கு வாருங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.